வெள்ளைக் கட்டையில் பழகியவள்

ஐம்பத்தோரு வயதில் பியானோ பழக வேண்டும் என்று எந்த மனுஷிக்காவது ஆசை வருமா? எனக்கும் வரவில்லை. பழகாவிட்டால் வேலை போய்விடும் என்றார்கள், பழகினேன். கலை, தாகம், மண்ணாங்கட்டி ஒன்றும் இதில் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. “இந்த வயசுலயும் என்னா ஆர்வம் பாருங்க!” என்று என்னைத் தெருவில் நிறுத்தி மெச்சியவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. அவர்கள் மெச்சும்போதெல்லாம் கையிலிருக்கும் மரக்கறிப் பையால் ஒரு போடு போடலாமா என்று எனக்குத் தோன்றும்.

மாத்தளை டவுனில் ஒரு நர்சரியில் நான் இருபத்து நான்கு வருஷம் டீச்சராக இருந்தேன். பழைய வீடு ஒன்றின் பெரிய முன் ஹோல்தான் வகுப்பு. பின்னால் ஒரு குசினி, ஒரு கக்கூஸ், அதையொட்டிக் குழாயடி. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று முப்பது முப்பத்தைந்து வாண்டுகள். காலையில் அம்மாவை விடமாட்டேன் என்று அழுவார்கள், பகலில் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுவார்கள். மூக்குத் துடைத்து, சப்பாத்து மாட்டிவிட்டு, சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று மூன்று பாஷையிலும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாட்டுகளில் பாதி நானே கட்டியவை. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த இடத்தில் கை தட்டத் தோன்றும் என்று தெரியும்.

வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கலியாணம் ஆகவில்லை. தம்பி வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். தம்பியும் சரி, தம்பி மனைவியும் சரி, ஒரு நாளும் முகம் சுளித்தவர்கள் அல்ல. ஆனாலும் காலை ஏழு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு வெளியே போகிற அக்காவுக்கும், வீட்டிலேயே குந்திக்கொண்டு ‘இன்னைக்கு என்ன கறி’ என்று கேட்கிற அக்காவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நினைக்காத நாள் இல்லை. அந்த இரண்டாவது அக்காவாக ஆகிவிடக்கூடாது. அந்த வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது அது ஒன்றுதான்.

நர்சரியைத் தொடங்கிய பழைய மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கணவருடைய அரசாங்க வேலையோடு இங்கே வந்தவர், திரும்பிப் போகவில்லை. அவர் காலமானதும் மருமகள் வெளிநாட்டிலிருந்து வந்து நர்சரியைப் பொறுப்பேற்றார். புது மேடம் கெட்டவர் என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றியிருப்பேன். அவர் நல்லவர். என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார். அதே மாதத்தில்தான் ஒரு லொறியில் பியானோவும் வந்து இறங்கியது.

ஏதோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் கிடந்த பழைய பியானோ. ஆறு பேர் தூக்கமாட்டாமல் தூக்கி ஹோலின் மூலையில் வைத்தார்கள். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பல்பு எரிய வேண்டுமாம். மூடியைப் பூட்டி, மேலே ஒரு துணியையும் போர்த்தி, சாவியை மேடம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் அடித்து உடைத்துவிடுவார்கள் என்று பயம். சுருதி சேர்க்கிற ஆள் வருஷக் கடைசியில் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டுக் கொன்சேட்டுக்கு முன்னால் வருவார், அதுவரைக்கும் யாரும் தொடவேண்டாம் என்றார்.

அன்றைக்குப் பிள்ளைகள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், வாற வருஷம் கொஞ்சம் மாத்தப்போறம். பிள்ளையளுக்கு மியூசிக் கட்டாயம் வேணும். பியானோ வாசிக்கத் தெரிஞ்ச டீச்சர் ஒராள் தேவை.”

“எடுங்க மேடம், நல்லதுதானே,” என்றேன். எவ்வளவு மக்கு பாருங்கள். எனக்கு ஒரு துணை வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மேடம் மேசையில் கிடந்த பென்சிலை உருட்டினார். “ரெண்டு பேரை வச்சிருக்க ஏலாது டீச்சர்.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“நீங்களே பழகினால் எனக்குத்தான் முதல் சந்தோஷம்,” என்றார். “கொன்சேட்டில நீங்களே வாசியுங்கோ. மூண்டு பாட்டுப் போதும். அதைப் பாத்திட்டு முடிவெடுப்பம், சரியோ?”

“பழகுறேன் மேடம்,” என்றேன். வாய் முந்திக்கொண்டது. அப்போது மாசி மாதம். கொன்சேட் கார்த்திகையில்.

கண்டியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். பிள்ளைக்கு இல்லை, எனக்குத்தான் என்றேன். “வளர்ந்தவங்கள எடுக்கிறதில்ல, மன்னிச்சிருங்க,” என்று வைத்துவிட்டார். இன்னொருவர் எடுப்பதாகச் சொன்னார். மூன்று பாட்டு வாசிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டதற்கு, ஒழுங்காகப் பழகினால் இரண்டு வருஷம் என்றார். எனக்கு ஒன்பது மாதம்தான் இருந்தது.

கடைசியில் கிடைத்தவன் என்னிடம் படித்த பையன். இப்போது இருபத்தைந்து வயது, திருகோணமலை வீதியில் ஒரு போன் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் கீபோட் வாசிக்கிறவன். நர்சரியில் இருந்தபோது கடதாசி ஒட்டுகிற கம் போத்தலைத் திறந்து நக்கிவிட்டு, என்னைக் கதிகலங்க வைத்தவன். போனுக்குக் காசு போடப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

“அய்யோ டீச்சர், இது ஒரு விஷயமா? எங்க வீட்ல கீபோட் ஒண்ணு சும்மா கெடக்கு. தூக்கிட்டு வாறேன். நானே சொல்லித் தாறேன்.”

அந்த நிமிஷம் அவன் காலில் விழாத குறை. இன்று நினைத்துப் பார்த்தால், அவன் என்னிடம் படித்தவன் என்பதுதான் பெரிய கரைச்சல். அவனால் என்னைப் பார்த்து, “பிழை, திரும்ப வாசிங்க” என்று சொல்ல முடியாது. “நல்லா இருக்கு டீச்சர்” என்பான். என்ன வாசித்தாலும் நல்லா இருக்கும்.

முதல் நாளே கட்டைகளின் மேல் நம்பர் எழுதின சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினான். “வெள்ளக் கட்டைய மட்டும் பாருங்க டீச்சர். கறுப்பு நமக்குத் தேவையில்ல.”

“அப்ப கறுப்பு எதுக்குடா வச்சிருக்கான்?”

“அது பெரிய ஆளுங்களுக்கு.” சிரித்தான். பிறகு என்னைப் பாடச் சொன்னான். நர்சரியில் பிள்ளைகளோடு பாடுகிற அதே குரலில் பாடினேன். அவன் ஒரு பட்டனை ஐந்து தரம் அமத்தினான். சின்னத் திரையில் ஐந்து என்று விழுந்தது. “சுருதிய ஏத்திவிட்டுட்டேன். இனி நீங்க வெள்ளையில வாசிச்சாலே பிள்ளைங்க குரலுக்குச் சரியா வரும். இதத் தொட்டுறாதீங்க.”

நான் ஏன் தொடப்போகிறேன்? சாமி படத்தைப் போல அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும் பழக்கம். வீட்டில் யாரும் எழும்பக்கூடாது என்பதால் காதில் ஹெட்போன். வெளியே கேட்பது கட்டைகளின் டக்டக் மட்டும்தான். ஒரு நாள் தம்பி மனைவி தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டு, “அக்கா, நான் இவ்வளவு நாளும் நீங்க டைப்பிங் பழகுறீங்கன்னு நெனச்சேன்,” என்றாள். சிரித்தோம். அவள் போனதும் நான் அழுதேன். டைப்பிங்காக இருந்தால் இதற்குள் பழகியிருப்பேன்.

விரல்கள் சொல்வழி கேட்கவே இல்லை. பெருவிரல் ஒரு பிடிவாதக்காரன், அழைத்தால் வரமாட்டான், அழைக்காத நேரத்தில் வந்து நிற்பான். மோதிர விரல் தனியாக எழும்பவே எழும்பாது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டுதான் வரும். நான் சத்தமாகவே ஏசுவேன். “சனியனே, நீ மட்டும் வா என்றால் நீ மட்டும் வா.” வலது கை ஒருமாதிரி வழிக்கு வந்ததும் இடது கையைச் சேர்க்கச் சொன்னான் பையன். இடதைச் சேர்த்த அன்று வலது கையும் எல்லாவற்றையும் மறந்துபோனது. இரண்டு மாத வேலை ஒரு விடியற்காலையில் இல்லாமல் போனது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருஷம் எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கைகள். இவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

விரல் மூட்டு வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் தேய்மானம் என்றார், கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். சரி டொக்டர் என்று சொல்லிவிட்டு வந்து, அன்று பின்னேரமே எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் முத்துமாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். மற்றவர்கள் வீடு கேட்பார்கள், பிள்ளை வரம் கேட்பார்கள். நான் இரண்டு விரல் கேட்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவள் அதுவரை கேட்டிருக்கமாட்டாள்.

ஆடி மாதத்தில் ஏதோ பிடிபட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் காலை, ரயில் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசித்துவிட்டேன். அது நான் கட்டின பாட்டு. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகிற ரயில், ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும், பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள். கீபோட்டை நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாசித்தேன். பிள்ளைகள் கூவிக்கொண்டு பாடினார்கள். மேடம் கதவடியில் நின்று கை தட்டினார். “பாத்தீங்களே, நான் சொன்னனான்தானே,” என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம். அந்த வருஷத்தில் அப்படி ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது, அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

கொன்சேட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது சுருதி சேர்க்கிற ஆள் வந்து, பகல் முழுக்க டங் டங் என்று அடித்துவிட்டுப் போனார். மறுநாள் மேடம் மூடியைத் திறந்துவிட்டார். கூட கண்டியிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், மேடத்தின் சினேகிதியின் மகள், சங்கீதம் படித்தவள். பியானோ எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாளாம். பார்த்தவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளோ எழும்பி நின்று, “ஆன்ட்டி, வாங்க, உக்காருங்க,” என்று ஸ்டூலை இழுத்துவிட்டாள். இப்படிப்பட்டவளை எப்படி வெறுப்பது?

உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் நடுக் கட்டையை எண்ணிக் கண்டுபிடிக்கத் தெரியும். கட்டைகள் பாரமாக இருந்தன. கீபோட்டில் தொட்டால் போதும், இங்கே தள்ள வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று ரயில் பாட்டைத் தொடங்கினேன். பிள்ளைகள் வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள்.

சத்தம் வேறு எங்கேயோ கிடந்தது. நான் அடித்த கட்டை சரி, விரல் சரி, ஆனால் வந்தது ஆம்பிளைக் குரல். பிள்ளைகள் அதைப் பிடிக்க நாடியைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு உறுமினார்கள். இரண்டாவது வரியில் குரல் இல்லாமல் வெறும் காற்றுத்தான் வந்தது. ஒருவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். நான் பதறிப்போய், வலப்பக்கம் தள்ளி அதே கட்டைகளை மேலே வாசித்தேன். இப்போது அது வானத்துக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் கீச்சிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“பியானோவுல ஏதோ பிழை,” என்றேன்.

கண்டிப் பிள்ளை மெதுவாகக் குனிந்தாள். “ஆன்ட்டி, கீபோட்டுலதானே பழகினீங்க? சுருதி ஏத்துற பட்டன் போட்டிருந்தாங்களா?”

பியானோவில் பட்டன் இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன். ஒன்பது மாதம்! ஒரே ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“இது பெரிய விஷயம் இல்ல ஆன்ட்டி,” என்றாள் அவள். “மூணு வெள்ளக் கட்டை தள்ளி ஆரம்பிச்சாச் சரி. ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான் வரும். நான் நாளைக்கும் வாறேன், ரெண்டு பேரும் உக்காந்து செஞ்சிடுவோம்.”

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் சரி என்றிருப்பாள். எனக்கோ உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றியெரிந்தது. “தேவையில்ல. எனக்குத் தெரியும். நானே பாத்துக்கிறேன்,” என்றேன். அவள் தன் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதி என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு தரமும் நான் அழைக்கவில்லை. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, இது முழுக்க என் திமிர்.

அங்கிருந்து நேரே போன் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

“டேய், பியானோவுல எங்கடா பட்டன்?”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “டீச்சர்… பட்டன் இல்லையா?”

“நீ பியானோவுல வாசிச்சிருக்கியா இல்லையா?”

“இல்ல டீச்சர். தொட்டதே இல்ல. நாங்க எல்லாரும் அப்பிடித்தான் வாசிக்கிறோம், வெள்ளையிலயே. சேர்ச்சுலயும் கீபோட்தானே. எந்தச் சுருதி கேட்டாலும் பட்டன்…” நர்சரியில் கம் போத்தலோடு பிடிபட்டபோது நின்ற மாதிரியே நின்றான். அடிக்கப் போன எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் நின்ற ஒரு முஸ்லிம் நானா ஸ்டூலை நகர்த்தி, “உக்காருங்க டீச்சர், தண்ணி குடிங்க,” என்றார்.

கீபோட்டையே கொன்சேட்டில் வைக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். “பியானோவைப் பாக்கத்தான் டீச்சர் ஆக்கள் வருகினம்,” என்றார். அழைப்பிதழிலும் பியானோ படம்தான்.

பையன் அன்று பின்னேரமே வந்து பழைய ஸ்டிக்கரை எல்லாம் உரித்துப் புதிதாக ஒட்டினான். திரையில் பூச்சியம் என்று விழுந்தது. ஐந்து நாள். தினமும் பிள்ளைகள் போனபின், இருட்டும்வரை நர்சரியில் அந்தப் பியானோவோடு கிடந்தேன். விரலுக்குப் பாட்டுத் தெரியாது, இடம்தான் தெரியும் என்பது அப்போதுதான் விளங்கியது. வலது கையைப் புது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் வரும், கொஞ்ச நேரம் இருக்கும். நான் அசந்தால் திரும்பிப் போய்விடும். கறுப்புக் கட்டை வருகிற இடத்தில் ஒவ்வொரு தரமும் மூச்சை அடக்கிக்கொள்வேன். நாலாவது நாள் ஐந்து தரம் வாசித்து இரண்டு தரம் சரி வந்தது. ஐந்தாவது நாள் ஐந்தில் மூன்று. நர்சரியைக் கூட்டித் துடைக்கிற ஆயம்மா கூட்டுமாற்றை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஏன் அழுறீங்க?” என்றார். இன்னும் ஒரு கிழமை இருந்தால் போதும் ஆயம்மா என்றேன். ஒரு கிழமை. அதுகூட இல்லை.

கொன்சேட் அன்று முற்றத்தில் கூடாரம் அடித்து, கதிரைகள் போட்டு, ஹோலின் பெரிய கதவுகளை எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். அம்மாமார் எல்லோர் கையிலும் போன். முன்வரிசையில் மேடத்துக்குப் பக்கத்தில் கண்டிப் பிள்ளை. “ஒரு சேஃப்டிக்கு வரச் சொன்னனான் டீச்சர், நீங்கள் யோசிக்காதேங்கோ,” என்றார் மேடம். யோசிக்காமல் எப்படி இருப்பது? என் இடத்தில் உட்காரப் போகிறவள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

முதலாவது மழைப் பாட்டு. சின்னப் பாட்டு. பிழை இல்லாமல் முடிந்தது. கை தட்டினார்கள். அம்மா தாயே என்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் கெடுத்தது.

இரண்டாவது ரயில் பாட்டு. பிள்ளைகள் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார்கள். முதல் அடி போனது. கறுப்புக் கட்டை போனது. இரண்டாவது அடியில் ஒரு தகப்பன் தன் மகளைப் படம் எடுக்க எழும்பினார். அவரை ஒரு கணம் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். இடது கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. வலது கை புது இடத்திலேயே இருந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? சட்டி பானை உருண்ட மாதிரி. நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். இப்போது வலது கையும் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எந்தக் கட்டையும் எனக்குத் தெரிந்த கட்டையாக இல்லை. கூடாரத்தில் ஒருவர் சிரித்தார், யாரோ உஷ் என்றார்கள். ரயில் நின்றுவிட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வழி தெரியாமல் போனால் டீச்சரைப் பாருங்கள் என்று நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ரயிலின் கடைசியில் நின்ற ஒரு சின்னவளுக்குப் பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டது. வெள்ளைக் காலுறை நனைந்து, தரையில் கோடாக ஓடியது. விம்மத் தொடங்கினாள். ஆயம்மா பக்கத்தில்தான் நின்றார், துணியோடு குனியவும் குனிந்தார்.

நான் எழும்பினேன். ஸ்டூலைத் தள்ளிவிட்டு, நேரே போய் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பின் கதவால் குழாயடிக்குப் போய்விட்டேன்.

அதற்காக இன்றைக்கும் என்னைப் பாராட்டுகிறார்கள். “அந்த நேரத்துலயும் பியானோவ விட்டுட்டுப் பிள்ளைய ஓடிப்போய்த் தூக்குனீங்களே, உங்கள மாதிரி யாரு டீச்சர்?” என்று கண் கலங்கச் சொன்ன அம்மாமாரும் இருக்கிறார்கள். மேடமே சொன்னார். ஒருவருக்கும் நான் உண்மையைச் சொன்னதில்லை. ஆயம்மா இருந்தார். பிள்ளைக்கு என் தேவை இருக்கவில்லை. அந்த ஸ்டூலிலிருந்து எழும்ப எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, நாலு வயதுப் பிள்ளையைச் சாட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குழாயைத் திறந்து அவள் கால்களைக் கழுவினேன். தண்ணீர் குளிர்ந்தது. நனைந்து ஒட்டிய காலுறையை இழுத்துக் கழற்றினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ கேட்டது.

ரயில் பாட்டு. என் பாட்டு. இடது கை ரயில் சக்கரம் மாதிரி ஓடியது, நான் ஒன்பது மாதமாக வரவழைக்கப் பார்த்த ஓட்டம். பிள்ளைகள் ஒருவர் இருவராகச் சேர்ந்து, பிறகு எல்லோரும் பாடினார்கள். சுருதி சரியாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கை தட்டுகிற இடத்தில் கை தட்டி, கூவுகிற இடத்தில் கூவி. எங்கேயாவது பிசகாதா, ஒரு பிள்ளையாவது அழாதா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். ஒன்றும் பிசகவில்லை. அவ்வளவு நன்றாக அவர்கள் ஒரு நாளும் பாடியதில்லை.

சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“டீச்சர், நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரு வாசிக்கிறது?”

“உங்க புது டீச்சர்,” என்றேன்.

“அப்ப நீங்க?”

“மற்றக் காலத் தூக்குங்க மகள்,” என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.